பொருநைக் கரையின் நெற்றிப் பட்டம்

நம் பங்கைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர், தொண்ணூறு வயதைக் கடந்தவர், சில ஆண்டுகளுக்கு முன் ஆண்டவருக்குள் துயில் கொண்டார். காதில் பாம்படம் அணிந்த கடைசித் தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். நெல்லைச் சீமைக்கு வெளியே வளர்ந்த வாசகருக்காகச் சொல்லி வைக்கிறோம்: பாம்படம் என்பது தோளைத் தொடும்படி வளர்த்த காதில் தொங்கும் அணி, உள்ளே அரக்கு, வெளியே பொன் தகடு. சவப்பெட்டியை மூடுமுன் மருமக்கள் இருவரும் அதைக் கழற்றினார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. எல்லா வீடுகளிலும் நடப்பதுதான். ஆயினும் வெறுமையாகிக் கிடந்த அந்த நீண்ட காதுகளை நம்மால் ஏறிட்டுப் பார்க்க இயலவில்லை. பள்ளியில் படிக்கும் பேத்தி அருகே வந்து, "சாமி, ஆச்சிக்கு அத விட்டுட்டா என்ன?" என்று கேட்டாள். மந்திரிப்புக்கு நேரமாகிவிட்டது. நாம் விடை சொல்லவில்லை.

அக்கேள்விக்கு வேறொரு விடை சொன்ன மக்கள் நம் ஆற்றங்கரையிலேயே வாழ்ந்திருக்கிறார்கள். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில், செய்துங்கநல்லூரைக் கடந்ததும், தாமிரபரணியின் தென்கரையில் ஆதிச்சநல்லூர்ப் பரம்பு கிடக்கிறது. சரளை மண் மேடு. பேருந்தில் செல்வோர் திரும்பிப் பார்க்கும்படியாக அங்கே ஒன்றுமில்லை. அம்மேட்டுக்கு அடியில்தான் நெருக்கமாக அடுக்கி வைத்தாற்போல் முதுமக்கள் தாழிகள் புதைந்துள்ளன. வயது மிக முதிர்ந்தும் சாவு வராமல் உடல் சுருங்கிப் போனவர்களை விளக்கும் உணவும் வைத்துத் தாழியில் இறக்கினார்கள் என்று நம் பாட்டிமார் கதை சொல்வார்கள். கதை கதையாக இருக்கட்டும். தாழிகளுள் இருப்பவை இறந்தோரின் எலும்புகளே.

1876இல் பெர்லின் நகரத்து அறிஞர் யாகோர் இங்கே தோண்டி, கிடைத்தவற்றைத் தம் நாட்டுக்கு எடுத்துச் சென்றார். 1899 முதல் 1905 வரை தொல்லியல் துறையின் அலெக்சாந்தர் ரீ விரிவாக அகழ்ந்தார். இடையே பிரெஞ்சு அறிஞர் லாப்பிக் வந்து, தம் பங்கைப் பாரிசுக்குக் கொண்டு சென்றார். ரீ எடுத்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன; 1915இல் அவற்றின் பட்டியல் நூலாக வெளிவந்தது. இரும்பு வாள்கள், ஈட்டிகள், எருமையும் சேவலும் அமர்ந்த வெண்கல மூடிகள் எனப் பலவற்றைக் காட்டும் அப்பட்டியலில் நம்மை நிறுத்துவது பொன் பட்டங்கள்தாம். நீள்வட்டமான, மெல்லிய தகடு. இரு முனைகளும் கூர்ந்து செல்லும். நூல் கோத்துக் கட்ட முனைகளில் துளை. சிலவற்றில் புள்ளிகளால் ஆன எளிய வேலைப்பாடு. இறந்தவர் நெற்றியில் கட்டுவதற்கானவை என்றே அறிஞர் கொண்டனர்.

எல்லாத் தாழியிலும் பொன் இல்லை. மிகச் சிலவற்றில்தான் உண்டு. அந்நாளிலும் ஏழை, செல்வர் என்ற வேறுபாடு இடுகாடு வரை வந்திருக்கிறது. ஆனால் அத்தகடுகளின் மென்மையைக் கருதும்போது, உயிரோடிருப்பவர் அன்றாடம் அணிந்து திரிய அவை உதவியிருக்குமா என்ற ஐயம் எழுகிறது. வாழ்ந்தபோது அணிந்ததை உடன் வைத்தார்கள் என்பதைவிட, இறந்தவருக்கென்றே தட்டிச் செய்தார்கள் என்று எண்ணவே நமக்குத் தோன்றுகிறது. பொன்னோ இவ்வாற்றங்கரையில் விளைவதன்று. தொலைவிலிருந்து, எதையோ கொடுத்து வாங்கியது. 2004இல் அகழ்ந்த மாதிரிகளைச் சோதித்ததில் கி.மு. 905, கி.மு. 696 என்ற காலக்கணிப்புகள் கிடைத்ததாக 2019இல் அறிவித்தார்கள்.

இங்கே நைல் நதிக்கரையை நினையாமல் இருக்க முடியாது. 1922இல் ஹோவர்டு கார்ட்டர் கண்டுபிடித்த துத்தன்காமன் கல்லறையில், இளம் மன்னனின் முகத்தை மூடிய பொன் கவசம் மட்டும் பத்துக் கிலோவுக்கு மேல். உடலைச் சுற்றிய துணி மடிப்புகளுக்குள் நூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட அணிகளும் காப்புப் பொருள்களும் இருந்தன. எகிப்தியருக்குப் பொன் என்பது தெய்வங்களின் தசை, கறுக்காது, அழியாது. நீலக்கல் ஆப்கானிஸ்தானத்து மலைகளிலிருந்து வந்தது. எந்த அணி உடலின் எந்த இடத்தில் அமைய வேண்டும் என்பதற்கு விதி இருந்தது. அவற்றுள் ஒன்று, வண்டின் வடிவில் செதுக்கி நெஞ்சின்மேல் வைக்கும் கல். தீர்ப்பின்போது தனக்கு எதிராகச் சாட்சி கூற வேண்டாம் என்று இறந்தவன் தன் இதயத்தையே வேண்டிக்கொள்ளும் மந்திரம் அதன் அடியில் பொறிக்கப்பட்டிருக்கும். ஆன்ம சோதனை செய்து பழகிய நமக்கு அவ்வேண்டுதலில் உள்ள அச்சம் புதிதன்று.

உயிரோடிருந்தவருக்கும் அங்கே பொன் பேசிற்று. பார்வோன் யோசேப்பின் கழுத்தில் பொன் மாலை அணிவித்ததைத் தொடக்க நூலில் படிக்கிறோம். அரசன் தன் அலுவலரைப் பொன் அணிவித்துச் சிறப்பிப்பது எகிப்தில் மெய்யாகவே இருந்த வழக்கம். இசுரயேலர் எகிப்தியரிடம் கேட்டு வாங்கிய நகைகளையும், பின்னர் அவர்கள் காதிலிருந்து கழற்றிய பொன் கன்றுக்குட்டியானதையும் வாசகர் அறிவர்.

கல்லறைப் பொன்னுக்கு அங்கே காவலும் போதவில்லை. ஏறத்தாழ கி.மு. 1110இல், ஒன்பதாம் இராம்சேசு ஆட்சியில், கல்தச்சர் சிலர் பழைய அரசன் ஒருவனின் உடலிலிருந்து பொன்னை உரித்து, சவப்பெட்டிகளைக் கொளுத்திவிட்டுப் பங்கிட்டுக்கொண்டதை விசாரணையில் ஒப்புக்கொண்டனர். அவ்வாக்குமூலம் பாப்பிரசு ஏட்டில் இன்றும் இருக்கிறது.

ஆதிச்சநல்லூர்ப் பட்டங்களில் மந்திரம் இல்லை, பெயர் இல்லை. சைப்பிரசிலும் மைசீனியிலும் கிடைத்த பட்டங்களோடு இவற்றை ஒப்பிட்டு உறவு தேடுவோர் உண்டு. அந்த உறவுக்கு அவசரப்பட வேண்டியதில்லை என்பது நம் கருத்து. நெற்றி எல்லா மனிதர்க்கும் பொது. இன்றும் நம் ஊர்களில் இறந்தவர் நெற்றியில் காசு ஒட்டுகிறார்கள். உறுதிபூசுதலில் ஆயர் எண்ணெய் பூசுவதும், சாம்பல் புதனன்று நாம் சாம்பல் இடுவதும் அங்கேதான்.

எகிப்துக்கும் இவ்வாற்றுக்கும் தொடர்பு பிற்காலத்தில் வந்தது. அதைக் கொண்டு சென்றது முத்து. தாலமி மன்னர் காலத்துக்கு முன் எகிப்திய அணிகளில் முத்து அரிது. பின்னர்க் கிரேக்க மாலுமிகள் பொருநையின் கழிமுகத்துக் கொற்கையைத் தம் ஏடுகளில் குறித்தனர். இந்தியா, சீனம், அரேபியா ஆகியவை ஆண்டுக்குப் பத்துக் கோடி செஸ்டர்சு நாணயங்களை உறிஞ்சுகின்றன என்று உரோமைப் பிளினி புலம்பினார். ஆற்று வண்டல் படிந்து கடல் பின்வாங்க, கொற்கை இன்று உள்நாட்டுச் சிற்றூர்.

2021இல் ஆதிச்சநல்லூரில் மீண்டும் அகழ்வு தொடங்கியது. 2022இல் இன்னொரு பொன் பட்டம் வெளிப்பட்டது. 2023இல் அகழ்ந்த குழிகளின்மேல் கண்ணாடி பதித்து, தாழிகளை இருந்த இடத்திலேயே காணும்படி செய்தனர். நாம் மறைக்கல்விப் பிள்ளைகளோடு அங்கே சென்றபோது அப்பேத்தியும் வந்திருந்தாள். வளர்ந்துவிட்டாள். கண்ணாடிமேல் கால் வைக்கத் தயங்கி ஓரமாக நின்று, "இவங்களுக்கு யாரும் கழத்தலையா, சாமி?" என்றாள். ரீ எடுத்தவை எழும்பூரில் இருப்பதையும், யாகோர் கொண்டுபோனவை பெர்லினுக்குச் சென்றதையும் சொன்னோம். ஆச்சியின் பாம்படம் என்னவாயிற்று என்று நாம் கேட்டோம். ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டார்களாம். ஒன்றை உருக்கி அவளுக்கே கம்மல் செய்திருந்தார்கள், காதைக் காட்டினாள்.