பின்கட்டில் நின்றவர்கள்

கறம்பக்குடியிலிருந்து நம் கல்லூரிக்கு நான் கிளம்பிய முதல் நாள். கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தது அத்தை. ஆனால் வாசல்படி தாண்டும்போது அவங்க எதிரே வரவில்லை. "போய்ட்டு வாப்பா" என்ற குரல் மட்டும் பின்கட்டிலிருந்து வந்தது. சின்ன வயசிலேயே புருஷனை இழந்தவங்க. எதிரே வரக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை; சொல்ல வேண்டிய அவசியமே இருந்ததில்லை.

ஆங்கில இலக்கிய வகுப்பில் எடித் வார்ட்டனைப் படித்தோம். 1862-ல் நியூயார்க்கின் பணக்காரக் குடும்பத்தில் பிறந்து, அந்த வட்டாரத்தின் பழக்கவழக்கங்களையே நாவலாக எழுதியவர். 1905-ல் வந்த 'தி ஹவுஸ் ஆஃப் மிர்த்' நாவலில் லில்லி பார்ட்டை யாரும் கோர்ட்டுக்கு இழுக்கவில்லை. வதந்தி கிளம்பியதும் விருந்துக்கு அழைப்பது நின்றுபோகிறது. அதிலேயே அவள் வாழ்க்கை சரிகிறது. 1921-ல் புலிட்சர் பரிசு பெற்ற 'தி ஏஜ் ஆஃப் இன்னொசென்ஸ்' இன்னும் நாசூக்கு. கணவனைப் பிரிந்து வந்த எலனை ஊரைவிட்டு அனுப்ப, உறவினர்கள் தடபுடலாக வழியனுப்பு விருந்தே வைக்கிறார்கள்! 'அமெரிக்காக்காரங்க கதை நமக்கெதுக்கு' என்று பரீட்சைக்கு மட்டும் படித்தேன்.

பல வருஷம் கழித்து அ. மாதவையாவின் 'முத்துமீனாட்சி' கைக்குக் கிடைத்தது. திருநெல்வேலிச் சீமைப் பெருங்குளத்தில் 1872-ல் பிறந்தவர். உப்பு இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். 1903-ல் வந்த அந்த நாவலில் ஒரு இளம் விதவை தன் கதையைத் தானே சொல்கிறாள். விதவை மறுமணத்துக்குச் சட்டம் 1856-லேயே வந்துவிட்டது. 47 வருஷம் கழித்தும் அதைப் பற்றி நாவல் எழுத வேண்டியிருந்தது. ஏன்? தடுத்தது சட்டமல்ல, 'நாலு பேர் என்ன சொல்லுவாங்க' என்ற பயம். அந்த நாலு பேரைத்தான் வார்ட்டன் அங்கே எழுதினார், மாதவையா இங்கே எழுதினார். இருவருமே வெளியே நின்று கல்லெறியவில்லை. தான் பிறந்த வீட்டுக்குள் நின்றே கேள்வி கேட்டார்கள்.

படித்த அன்று ராத்திரி என் கல்யாண நாள் நினைவுக்கு வந்தது. மணவறையில் நான், சமையற்கட்டுப் பக்கம் அத்தை. வார்ட்டனைப் படித்துப் பாஸான நான், "முன்னாடி வாங்க அத்தை" என்று ஒரு வார்த்தை கூப்பிடவில்லை. அந்த நாலு பேரில் நானும் ஒருத்தன். இப்போது கூப்பிட அத்தை இல்லை.

இன்று படிக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் வீட்டு அடுத்த விசேஷத்தில் பின்கட்டையும் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். யாராவது ஒதுங்கி நின்றால் கையைப் பிடித்து முன்னே கூட்டி வாருங்கள். படித்ததற்கு அதுதான் பலன்.