கூச்ச சுபாவமும் கொஞ்சம் இன்டர்நெட்டும்

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம்னு நாள் முழுக்கக் கிடந்தா மனசு கெட்டுடும்னு ஒரு சண்டை ஓடுதே, அது ஃபேஸ்புக்கை விட வயசுல மூத்தது. ஃபேஸ்புக் பொறந்தது 2004-ல. இந்தச் சண்டை சூடு பிடிச்சது 1998-ல, அமெரிக்காவுல.

பிட்ஸ்பர்க் நகரத்து கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்துல ராபர்ட் கிராவுட்னு ஒரு பேராசிரியர். 1995, 96-ல அவர் குழு அந்த ஊர்க் குடும்பங்களுக்கு கம்ப்யூட்டர், போன் லைன், இன்டர்நெட் எல்லாம் இலவசமா குடுத்தாங்க. பதிலுக்கு, யார் எவ்வளவு மேயறாங்கன்னு மென்பொருள் பதிவு பண்ணிக்கும். 73 குடும்பம், 169 பேர். பொட்டி தட்டுற நமக்குத் தெரியாதா... ஆளைக் கேட்டா குறைச்சுச் சொல்லுவான், லாக் ஃபைல் அப்படிச் சொல்லாது!

1998-ல முடிவு வந்தது. அதிகமா மேஞ்சவங்களுக்கு வீட்டுல பேச்சு குறைஞ்சிருந்தது, பழகுற வட்டம் சுருங்கியிருந்தது, தனிமையும் மனச்சோர்வும் கொஞ்சம் கூடியிருந்தது. நியூயார்க் டைம்ஸ் வரைக்கும் செய்தியாச்சு.

கதை அதோட முடியல. அதே குழு பழைய ஆளுங்களைத் திரும்பப் பார்த்து, 2002-ல எழுதினாங்க: கெட்ட விளைவுகள் பெரும்பாலும் மறைஞ்சு போச்சு! புதுசா கம்ப்யூட்டரோ டிவியோ வாங்கின 406 பேரையும் ஆராய்ஞ்சாங்க. மொத்தத்துல நல்ல விளைவுகள்தான். ஆனா குணத்தை வெச்சுப் பிரிச்சா கணக்கு மாறுது. கலகலன்னு பழகுறவங்களுக்கும், தாங்க நாலு பேர் இருக்கிறவங்களுக்கும் இன்டர்நெட்டால லாபம். கூச்ச சுபாவக்காரங்க அதிகமா மேய மேய தனிமை கூடுச்சு. பணம் பணத்தோடதான் சேரும்னு நம்மூர்ல சொல்வாங்களே, அதேதான்.

பின்னாடி, 2018-ல, நாலு வாரம் ஃபேஸ்புக்கை மூடி வெச்சவங்களை அமெரிக்காவுல சில பொருளாதார நிபுணர்கள் ஆராய்ஞ்சாங்க. மனநிறைவு கூடுச்சு, ஆனா கொஞ்சம்தான். அதுவும் சராசரிதான். ஆத்தோட சராசரி ஆழத்தைக் கேட்டுட்டு இறங்கினவன் கதை தெரியும்ல?

கல்யாண வீட்டுல ஓரமா நாற்காலி தேடுற ரகம் நான். அதனால எனக்கு உறைச்சது 2002 ரிப்போர்ட்தான். போனே கதின்னு கிடக்கிற பையனைப் பார்த்து "எத்தனை மணி நேரம்டா?"ன்னு எல்லாரும் கேக்கறோம். போனைக் கீழ வெச்சா பேச அவனுக்கு யார் இருக்கான்னுதான் முதல்ல கேக்கணும்.