மரக்காணத்துக் கூழைக்கடாவும் குவெட்சால்கோட்லஸும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தைக் கடப்பவர்கள் இரண்டு காட்சிகளைப் பார்க்கலாம். ஒன்று, பாத்தி பாத்தியாக வெயிலில் காயும் உப்பளங்கள். இன்னொன்று, அவற்றுக்கு மேலே சிறகை அசைக்காமல் வட்டமிடும் பறவைகள். உப்பு வாருபவர்களுக்கு இது தினசரிக் காட்சி. காலையில் கழுவெளி ஏரிப் பக்கத்திலிருந்து கூழைக்கடாக்கள் சிறகடித்துத்தான் வரும். வெயில் ஏறி, நிலம் சூடாகி, காற்று மேலே எழும்பத் தொடங்கியதும் சிறகடிப்பது குறையும். பிறகு சிறகை விரித்தபடி வெறுமனே மிதக்கும்.

இந்தக் காட்சியை ஒரு பழைய கேள்வியோடு சேர்த்துப் பார்க்கலாம். ஒரு காலத்தில் 10 மீட்டர் சிறகு விரிப்புள்ள ஊர்வன இந்தப் பூமியில் இருந்தன. அவை கூழைக்கடாவைப் போலச் சொந்த பலத்தில் சிறகடித்துப் பறந்தனவா? அல்லது காற்று தூக்கினால் மட்டும் மிதந்தனவா? அல்லது பறக்கவே இல்லையா?

நீண்ட காலமாக நடக்கும் சண்டை இது. இதில் இந்தியாவுக்கும் ஒரு சின்னப் பங்கு உண்டு!

யார் இந்த டெரோசார்கள்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். டெரோசார்கள் டைனோசர்கள் அல்ல, டைனோசர்களின் பங்காளிகள். பறவைகளின் முன்னோரும் அல்ல. பறவைகள் வந்தது டைனோசர் கிளையிலிருந்து. டெரோசாரின் சிறகில் இறகு கிடையாது. அதன் கையின் நான்காவது விரல் மிக நீளமாக வளர்ந்து, அதிலிருந்து உடம்பு வரை ஒரு தோல் விரிந்திருக்கும். அந்தத் தோல்தான் சிறகு.

1784-ல் இத்தாலியரான கோசிமோ கொல்லினி, ஜெர்மனியில் கிடைத்த ஒரு புதைபடிவத்தை முதன்முதலாக விவரித்தார். அது ஏதோ கடல் பிராணி என்றே அவர் நினைத்தார். 1801-ல் பிரான்ஸின் ஜார்ஜ் குவியே அது பறக்கும் ஊர்வன என்று கண்டுபிடித்தார். அது சிறிய பிராணி என்பதால், அது பறந்தது என்பதை ஏற்பதில் பெரிய சிரமம் இருக்கவில்லை.

சிரமம் 1870-களில் வந்தது. அமெரிக்காவின் கான்சாஸ் பகுதியில் ஒத்னியல் மார்ஷ் கண்டெடுத்த டெரனோடானின் சிறகு விரிப்பு 6 மீட்டரைத் தாண்டியது. இன்று உயிரோடிருக்கும் பறவைகளில் மிக நீண்ட சிறகு ஆல்பட்ராஸ் பறவைக்கு. அதற்கே சுமார் மூன்றரை மீட்டர்தான்.

1971-ல் டெக்சாஸின் பிக் பெண்ட் தேசியப் பூங்காவில் டக்ளஸ் லாசன் என்ற மாணவர் இதைவிடப் பெரிய ஒன்றைக் கண்டார். ஒரு மாணவர் என்பதைக் கவனிக்கவும்! 1975-ல் அதற்கு குவெட்சால்கோட்லஸ் நார்த்ரோபி என்று பெயர் வைத்தார். முதல் பாதி அஸ்டெக் மக்களின் இறகுப் பாம்புக் கடவுளின் பெயர். இரண்டாம் பாதி, வால் இல்லாத சிறகு விமானங்களைக் கட்டிய ஜான் நார்த்ரோப்பின் பெயர். முதலில் 15 மீட்டருக்கும் மேல் இருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். இன்று 10 முதல் 11 மீட்டர் என்பதே பரவலாக ஏற்கப்படும் அளவு.

கணக்கு எங்கே இடிக்கிறது?

ஒரு கூழைக்கடாவை எடுத்துக்கொள்வோம். எடை சுமார் 5 கிலோ, சிறகு விரிப்பு சுமார் இரண்டரை மீட்டர். அதை அப்படியே நான்கு மடங்கு பெரிதாக்கினால் சிறகு விரிப்பு 10 மீட்டர் ஆகும். சிறகின் பரப்பு 4×4, அதாவது 16 மடங்கு ஆகும். ஆனால் எடை 4×4×4, அதாவது 64 மடங்கு ஆகிவிடும். 5 கிலோ, 320 கிலோ ஆகிறது!

ஆக, சிறகின் ஒவ்வொரு சதுர அடியும் முன்பைவிட நான்கு மடங்கு பாரத்தைச் சுமக்க வேண்டும். விழாமல் பறக்க இரண்டு மடங்கு வேகம் வேண்டும். அந்த வேகத்துக்கு ஒவ்வொரு கிலோ உடம்புக்கும் கூடுதல் சக்தி வேண்டும். ஆனால் சிறகு நீளமானால் அதை அடிக்கும் வேகம் குறையும், தசை தரும் சக்தியும் அதற்கேற்பக் குறையும். தேவை ஏறுகிறது, வரவு இறங்குகிறது. எங்கோ ஓர் இடத்தில் இரண்டும் முட்டிக்கொள்ளும். அதற்கு மேல் சிறகடித்துப் பறக்க முடியாது. இன்று பறக்கும் பறவைகளில் மிகக் கனமானவை சுமார் 18 கிலோவோடு நின்றுவிடுவதற்கு இது ஒரு காரணம்.

ஆக்ராவிலிருந்து ஒரு பதில்

1892-ல் இந்தியாவுக்கு வந்த எர்னஸ்ட் ஹான்பரி ஹான்கின் ஆக்ராவில் அரசாங்க ரசாயனப் பரிசோதகராக வேலை பார்த்தார். கங்கை, யமுனை நீரில் காலரா கிருமிகள் அழிவதைப் பற்றி 1896-ல் எழுதியவர் என்ற வகையில் மருத்துவ வரலாற்றில் அவர் பெயர் உண்டு. ஆனால் அவருக்கு இன்னொரு பைத்தியமும் இருந்தது. ஆக்ராவின் வானத்தில் வட்டமிடும் பருந்துகளையும் பாறுகளையும் (பிணந்தின்னிக் கழுகுகள்) மணிக்கணக்கில் பார்ப்பது. தரையில் ஒரு கண்ணாடியைப் படுக்க வைத்து, அதில் தெரியும் பறவையின் பாதையை அதன்மேலேயே வரைந்து வைப்பாராம்!

காலையில் எடை குறைந்த பருந்துகள் முதலில் மிதக்கத் தொடங்கும், கனத்த பாறுகள் வெயில் நன்றாக ஏறிய பிறகே தொடங்கும் என்பதை அவர் குறித்து வைத்தார். மரக்காணத்தில் இன்றும் யாரும் சரிபார்க்கக்கூடிய விஷயம் இது.

1914-ல் ஹான்கினும் விலங்கியலாளர் டி.எம்.எஸ். வாட்சனும் சேர்ந்து டெரோசார்கள் பறந்த விதம் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். விமானவியல் இதழ் ஒன்றில் அது வந்தது. எலும்பை மட்டும் பார்க்காமல், உயிருள்ள பறவைகள் பறப்பதைப் பார்த்து அழிந்த பிராணியை விளங்கிக்கொள்ளும் முயற்சிகளில் அது முன்னோடி.

இந்தியாவில் டெரோசார் எலும்புகள் கிடைத்தனவா என்று கேட்டால், 1974-ல் எஸ்.எல். ஜெயின் கோட்டா பாறை அடுக்கிலிருந்து ஒன்றை விவரித்தார். ஆனால் பின்னால் வந்தவர்கள் அது டெரோசார்தானா என்றே சந்தேகித்தார்கள். அதே சமயம் குவெட்சால்கோட்லஸ் வாழ்ந்த கிரிட்டேஷியஸ் காலக் கடைசியின் கடல் நம் பக்கத்திலேயே கல்லாகிக் கிடக்கிறது. மரக்காணத்துக்குத் தெற்கே, புதுச்சேரியை அடுத்த வழுதாவூர்ப் பாறைகள்தான் அவை. அங்கே கேயும் கன்லிஃபும் திரட்டிய சிப்பி, நத்தைப் படிவங்களை 1846-லேயே எட்வர்ட் ஃபோர்ப்ஸ் லண்டனில் விவரித்துவிட்டார்.

பறந்தது, பறக்கவில்லை

1974-ல் இங்கிலாந்தின் பிராம்வெல், விட்ஃபீல்ட் இருவரும் டெரனோடானை எடை போட்டார்கள். சுமார் 7 மீட்டர் சிறகுக்கு 17 கிலோவுக்கும் குறைவு என்று வந்தது. இவ்வளவு லேசானால் மெல்லிய காற்றிலும் மிதக்கலாம்.

1986-ல் பால் மெக்ரெடி குவெட்சால்கோட்லஸின் பாதி அளவில் ஓர் இயந்திரம் செய்தார். 5.5 மீட்டர் சிறகு, 18 கிலோ எடை. கலிபோர்னியாவின் டெத் வேலியில் அது சிறகடித்துப் பறந்தது. அதே ஆண்டு மே மாதம் ஒரு விமானக் கண்காட்சியில் மக்கள் முன்னால் கீழே விழுந்தது. ஆனால் அதைக் கயிற்றால் இழுத்துத்தான் மேலே ஏற்றினார்கள். உண்மையான பிராணிக்குக் கயிறு இழுக்க யார் இருந்தார்கள்?

2009-ல் ஜப்பானின் கட்சுஃபுமி சாட்டோ, ஆல்பட்ராஸ் முதலிய கடல் பறவைகளின் உடம்பில் கருவி பொருத்திச் சிறகடிப்பை அளந்தார். சுமார் 41 கிலோவுக்கு மேல் போனால் தொடர்ந்து பறக்க முடியாது என்று அவர் கணக்கு சொன்னது. 2010-ல் டொனால்ட் ஹெண்டர்சன் குவெட்சால்கோட்லஸின் எடையை 544 கிலோ என்று போட்டு, அது பறக்கவில்லை என்றார்.

அதே 2010-ல் மார்க் விட்டனும் மைக்கேல் ஹபீபும் மறுத்தார்கள். அவர்கள் சொன்னது எளிமையானது: டெரோசார் பறவை அல்ல! பறவை காலால் எம்பி, பிறகு சிறகால் பறக்கிறது. தரையில் நடக்கும்போது சிறகுத் தசை சும்மா இருக்கிறது, வானத்தில் கால் வெறும் சுமை. டெரோசார் நான்கு காலில் நடந்தது. பறக்க உதவும் அதே பலமான கைகளால் தரையை உந்தி எழும்பியிருந்தால் இந்தச் சுமை குறைகிறது. ரத்தம் குடிக்கும் வௌவால்கள் இன்றும் அப்படித்தான் எழும்புகின்றன.

இன்னொரு சாட்சி எலும்பு. பறப்பதை விட்டுவிட்ட நெருப்புக்கோழியைப் பாருங்கள், சிறகும் அதன் தசையும் சுருங்கிவிட்டன. குவெட்சால்கோட்லஸின் மேல்கை எலும்பில் பறக்கும் தசை ஒட்டும் பகுதி பெரிதாகவே இருக்கிறது. பறக்காத பிராணி அதை ஏன் சுமக்க வேண்டும்? இன்று அதன் எடை 200 முதல் 250 கிலோ என்றே பலரும் கொள்கிறார்கள்.

ஆக, சிறகடித்து எழும்பியது என்பதற்கு ஆதரவு வலுவாக இருக்கிறது. எவ்வளவு தூரம் போனது என்பதில்தான் சண்டை. 2022-ல் சாட்டோ உள்ளிட்ட குழு, குவெட்சால்கோட்லஸ் வெப்பக் காற்றில் மிதப்பதில் கெட்டிக்காரன் அல்ல, கானமயில் வகைப் பறவைகள் போலப் பெரும்பாலும் தரையில் நடந்து, வேண்டும்போது கொஞ்ச தூரம் பறந்திருக்கலாம் என்றது. 2024-ல் ஜோர்டானில் கிடைத்த எலும்புகள் வேறு கதை சொன்னன. சுமார் 10 மீட்டர் சிறகுள்ள அரம்பூர்கியானியாவின் எலும்புக்குள்ளே, பாறுகளுக்கு இருப்பது போல முறுக்கிச் செல்லும் வரிகள். 5 மீட்டர் சிறகுள்ள இனப்டானினுக்கு, சிறகடிக்கும் பறவைகள் போலக் குறுக்குக் கட்டைகள். பெரியது மிதந்தது, சிறியது சிறகடித்தது என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். பெரிய டெரோசார் எல்லாம் ஒரே ரகம் என்று நினைத்ததுதான் பழைய தவறு.

அளவுகோல் தொலைந்தால்?

இந்த வரலாறு முழுவதிலும் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. ஹான்கினுக்குப் பாறு, சாட்டோவுக்கு ஆல்பட்ராஸ், ஹபீபுக்கு வௌவால். செத்ததை அளக்க உயிருள்ளதுதான் அளவுகோல். எந்த அளவுகோலை எடுத்தார்கள் என்பதைப் பொறுத்தே பதிலும் மாறியது.

ஹான்கின் பார்த்த அந்தப் பாறுகள்? மாட்டுக்குப் போடப்பட்ட டைக்ளோஃபினாக் மருந்து, செத்த மாட்டைத் தின்ற பாறுகளைக் கொன்றது. 1992-லிருந்து 2007-க்குள் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் 99 சதவீதத்துக்கும் மேல் அழிந்தன. 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. ஆக்ராவில் ஹான்கின் செய்த ஆராய்ச்சியை அதே இடத்தில், அதே பறவைகளின் கூட்டத்தை வைத்து இன்று திருப்பிச் செய்வது மிகக் கடினம்.

கழுவெளி 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. உப்பளத்துக்கு மேலே கூழைக்கடா எத்தனை மணிக்குச் சிறகடிப்பதை நிறுத்துகிறது, எந்தப் பறவை முதலில் மிதக்கிறது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைக்க எந்தக் கருவியும் வேண்டாம். லாசன் ஒரு மாணவராக இருந்தபோதுதான் உலகின் மிகப் பெரிய பறக்கும் பிராணிகளில் ஒன்றைக் கண்டார். எலும்புகள் இன்னும் பல கோடி ஆண்டுகள் பாறையில் காத்திருக்கும். பறவைகள் அப்படிக் காத்திருக்காது.