வெளிநாட்டுப் பயணத்தில் பாதுகாப்பான உணவும் குடிநீரும்

கரையாம்புத்தூர், பாகூர், வில்லியனூர் பகுதிகளைச் சேர்ந்தோர் வேலைக்காகவும் உறவினரைக் காணவும் பிரான்சு, சிங்கப்பூர், வளைகுடா நாடுகளுக்குச் செல்கின்றனர். பயணிகளை மிகுதியாகத் தாக்கும் நோய் வயிற்றுப்போக்கு. பெரும்பாலும் அது சில நாள்களில் தானே நின்றுவிடும். ஆயினும், அதனால் உண்டாகும் நீரிழப்பு குழந்தைகள், முதியோர், நாட்பட்ட நோயாளிகள் ஆகியோரின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

புறப்படும் முன்

• பயணத்திற்கு 4 முதல் 6 வாரங்களுக்கு முன்பே மருத்துவரை அணுகி, டைபாய்டு, ஏ வகை மஞ்சள் காமாலை ஆகியவற்றுக்கான தடுப்பூசிகள் தேவையா எனக் கேட்டறியவும்.
• நீரிழிவு, சிறுநீரக நோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள், வயிற்றுப்போக்கின்போது எந்த மருந்தைத் தொடர வேண்டும், எதை நிறுத்திவைக்க வேண்டும், ஓ.ஆர்.எஸ். கரைசலை எவ்வளவு அருந்தலாம் என்பவற்றை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளவும்.
• ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களைக் கைப்பையில் எடுத்துச் செல்லவும்.

குடிநீர்

பிரான்சிலும் சிங்கப்பூரிலும் குழாய்நீரை அப்படியே குடிக்கலாம். ஐயமுள்ள இடங்களில், மூடி முத்திரை உடையாத புட்டிநீரையோ, 1 நிமிடம் தளதளவெனக் கொதித்து ஆறிய நீரையோ பயன்படுத்தவும். அங்கு பல் துலக்கவும் அந்நீரே ஏற்றது. பனிக்கட்டி சேர்த்த பானங்களைத் தவிர்க்கவும்.

உணவு

• நன்கு வெந்த, ஆவி பறக்கும் உணவை உண்ணவும். சமைத்து 2 மணி நேரத்திற்கு மேல் வெளியில் இருந்த உணவைத் தவிர்க்கவும்.
• பழங்களை நீங்களே கழுவித் தோலுரித்து உண்ணவும்.
• வளைகுடா நாடுகளில் காய்ச்சாத ஒட்டகப்பாலை அருந்த வேண்டாம். அதன் வழியே புரூசெல்லோசிஸ் என்னும் காய்ச்சல் பரவக்கூடும்.
• உண்ணும் முன்பும் கழிப்பறை சென்ற பின்பும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவவும்.

வயிற்றுப்போக்கு ஏற்பட்டால்

பொட்டலத்தில் குறிப்பிட்டுள்ள அளவு பாதுகாப்பான நீரில் ஓ.ஆர்.எஸ். பொடி முழுவதையும் கரைக்கவும். ஒவ்வொரு முறை பேதியான பின்பும், 2 வயதிற்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லிலிட்டரும், அதற்கு மேற்பட்ட சிறுவர்க்கு 100 முதல் 200 மில்லிலிட்டரும், பெரியவர்க்கு வேண்டிய அளவும் கொடுக்கவும். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, சிறிது சிறிதாகக் கொடுக்கவும். 24 மணி நேரத்திற்குப் பின் எஞ்சிய கரைசலைக் கொட்டிவிடவும். தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்த வேண்டாம். குளிர்பானங்கள் இக்கரைசலுக்கு ஈடாகா. மருத்துவர் ஆலோசனையின்றி நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை உட்கொள்ள வேண்டாம்.

உடனே மருத்துவரை நாட வேண்டிய அறிகுறிகள்

மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், ஓயாத வாந்தி, சிறுநீர் குறைதல், குழிவிழுந்த கண்கள், அளவுகடந்த சோர்வு.

ஊர் திரும்பிய பின்

டைபாய்டு காய்ச்சல் கிருமி தொற்றிய 1 முதல் 3 வாரங்கள் கழித்தே தோன்றலாம். எனவே காய்ச்சலோ மஞ்சள் காமாலையோ கண்டால், சென்றுவந்த நாட்டையும் நாள்களையும் மருத்துவரிடம் தவறாமல் கூறவும். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போதும் இவ்விதிகளையே பின்பற்ற வேண்டும். சொந்த ஊராயினும், அவர்கள் உடலுக்கு அது புதிய ஊரே.