மானுவல் ஆரோன்

சதுரங்கத்தில் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டரான மானுவல் ஆரோன் 1935 டிசம்பர் 30 அன்று பர்மாவின் டவுங்கூ நகரில் பிறந்தார், வளர்ந்தது தமிழ்நாட்டில். அவர் பிறப்பதற்குப் பதினைந்து நாள் முன்புதான் ஆம்ஸ்டர்டாம் கணித ஆசிரியர் மாக்ஸ் யூவே, அப்போதைய சாம்பியன் அலெகினை 15½–14½ என்று வென்று உலகச் சாம்பியன் ஆகியிருந்தார். நெதர்லாந்துக்கு அந்தப் பட்டத்தைக் கொண்டுவந்தவர் அவர் ஒருவர்தான். 1960 லைப்சிக் ஒலிம்பியாடில் அதே யூவேயை ஆரோன் தோற்கடித்தார். யூவேக்கு அப்போது வயது 59, பட்டம் கைவிட்டுப் போய் 23 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனாலும் அதைச் சில்லறை வெற்றி என்று ஒதுக்க முடியாது.

ஏனென்றால், அன்று நம் ஊர்களில் பலரும் ஆடிக்கொண்டிருந்தது வேறு ஆட்டம். சிப்பாய்க்கு முதல் நகர்வில் இரண்டு கட்டம் கிடையாது. கோட்டை கட்டுவதும் கிடையாது. பதிலாக ராஜா ஒருமுறை குதிரைபோலத் தாவலாம். ஊருக்கு ஊர் விதி மாறும். சர்வதேச விதிகளும், புத்தகம் வைத்துத் தொடக்க நகர்வுகளைப் படிக்கும் பழக்கமும் இங்கே பரவியதில் ஆரோனுக்குப் பெரும் பங்கு உண்டு.

1961இல் ஆஸ்திரேலியாவின் செசில் பர்டியை 3–0 என வென்று இன்டர்நேஷனல் மாஸ்டர் பட்டம் பெற்றார். அர்ஜுனா விருது தொடங்கப்பட்ட அந்த ஆண்டே அதைப் பெற்ற முதல் சதுரங்க வீரரும் அவரே. அடுத்த ஆண்டு, உலகச் சாம்பியன் பட்டத்துக்கான தகுதிச் சுற்றான ஸ்டாக்ஹோம் இன்டர்சோனலில் கடைசி இடம்தான். ஆனால் கிராண்ட்மாஸ்டர்கள் போர்டிஷ், ஊல்மன் இருவரும் அவரிடம் தோற்றார்கள். 1959க்கும் 1981க்கும் இடையே ஒன்பது முறை தேசியச் சாம்பியன். இந்தியாவின் இரண்டாவது இன்டர்நேஷனல் மாஸ்டராக வி. ரவிக்குமார் வர 1978 ஆயிற்று.

1972இல் சென்னை சோவியத் கலாச்சார மையத்தில் ஆரோன் தொடங்கிய மிகைல் தால் சதுரங்கக் கழகம்தான் அவர் செய்ததிலேயே பெரிது என்று சொல்லலாம். அங்கே பிளிட்ஸ் எனும் அதிவேக ஆட்டம் ஓயாமல் நடக்கும்: ஜெயித்தவர் பலகையில் தொடர்வார், தோற்றவர் எழுந்து மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். அந்த வரிசையில் நின்ற சிறுவர்களில் ஒருவர் விஸ்வநாதன் ஆனந்த். 1988இல் அவர் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார்.

பிறகு ஆட்டம் நகரின் மேற்குப் பக்கம் வேர்விட்டது. அங்குள்ள பாடியில் வளர்ந்த பிரக்ஞானந்தா, 2025இல் நெதர்லாந்தின் வைக் ஆன் ஸீ போட்டியில் உலகச் சாம்பியன் குகேஷை டைபிரேக்கில் வென்று கோப்பை பெற்றார். இருவருமே சென்னை வேலம்மாள் பள்ளிகளில் படித்தவர்கள். இவர்களுக்குப் பயிற்சியாளரும் கணினியும் உண்டு. ஆரோன் தலைமுறைக்குப் புத்தகம் கிடைப்பதே அரிது. அதைக் கணக்கில் கொண்டுதான் அவருடைய வெற்றிகளை எடைபோட வேண்டும்.