அசெம்பிள்டு சிஸ்டம்: போகா ரேட்டன்லேர்ந்து உத்திரமேரூர் வரைக்கும்

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு வழக்கு பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

டிவிய யாராவது பார்ட் பார்ட்டா வாங்கி வீட்டுல சேர்த்து மாட்டுறாங்களா? ஃபோன்? ஃப்ரிட்ஜ்? இல்ல. கம்ப்யூட்டர் மட்டும் ஏன் ப்ராசஸர் ஒரு கம்பெனி, மதர்போர்டு ஒரு கம்பெனி, ரேம் இன்னொரு கம்பெனின்னு வாங்கி, ஒரு ஸ்க்ரூ டிரைவர வச்சுக்கிட்டு நாமளே சேர்க்க முடியுது?

இந்தக் கேள்விய கிளப்பினது உத்திரமேரூர்ல இருக்கற எங்க அக்கா பையன். (உத்திரமேரூர்னதும் குடவோலைக் கல்வெட்டு எபிசோடுன்னு நினைச்சுடாதீங்க. பராந்தக சோழனுக்கு இன்னைக்கு லீவு.) பிளஸ் ஒன் படிக்கிறான், கேமிங் பிசி வேணுமாம். பட்ஜெட் 45,000 ரூபாய், அக்கா சீட்டு எடுத்த காசு. அடுத்த சீட்டு எப்போன்னு தெரியாது. அதனால இங்க எதை வாங்கறதுங்கறத விட, எதை அப்புறமா மாத்திக்கலாம்ங்கறதுதான் பெரிய கேள்வி. அதுக்கான பதில் நாப்பது வருஷக் கதைக்குள்ள இருக்கு.

1981 ஆகஸ்ட் 12. ஐபிஎம் தன்னோட பர்சனல் கம்ப்யூட்டர அறிவிச்ச நாள். ஃப்ளோரிடால போகா ரேட்டன்ங்கற ஊர்ல, டான் எஸ்ட்ரிட்ஜ் தலைமையில ஒரு சின்ன டீம் அவசர அவசரமா செஞ்ச மெஷின் அது. எல்லாத்தையும் சொந்தமா செய்ய நேரமில்ல. அதனால ப்ராசஸர் இன்டெல்லோட 8088, ஆபரேட்டிங் சிஸ்டம் மைக்ரோசாஃப்ட்கிட்டேர்ந்து. மத்தவங்க அதுக்கு கார்டு செஞ்சு விக்கட்டும்னு சர்க்யூட் படத்தோட டெக்னிக்கல் மேனுவலையே வெளியிட்டாங்க. பூட்டு ஒண்ணே ஒண்ணுதான்: பயாஸ். மெஷின் ஆன் ஆனதும் முதல்ல ஓடற அந்த கோடுக்கு காப்பிரைட் இருந்துச்சு.

1982ல ஆரம்பிச்ச காம்பேக் அந்தப் பூட்டத் திறந்த விதம், எங்க ஃபீல்டுல இருக்கறவங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு குழு பயாஸ படிச்சு, அது என்ன செய்யுதுன்னு மட்டும் எழுதி வைக்கும். அந்த கோட கண்ணாலயே பார்க்காத இன்னொரு குழு, அந்தக் குறிப்ப மட்டும் வச்சு புதுசா எழுதும். காப்பி இல்ல, ஆனா வேலை அதே வேலை. 1984ல ஃபீனிக்ஸ்னு ஒரு கம்பெனி இதே மாதிரி ஒரு பயாஸ் எழுதி, காசு கொடுக்கற எல்லாருக்கும் வித்துச்சு. அதோட பிசி ஐபிஎம் கையவிட்டுப் போச்சு. 1995ல இன்டெல் ஏடிஎக்ஸ்னு ஒரு அளவு கொண்டு வந்தது. ஸ்க்ரூ ஓட்டை எங்க, பவர் வயர் எப்படின்னு அதுல எல்லாம் இருக்கு. இன்னைக்கு எந்தக் கடை கேபினெட்லயும் எந்தக் கம்பெனி போர்டும் உக்காருதுன்னா, அந்த அளவுதான் காரணம்.

சரி, நம்ம ஊருக்கு எப்ப வந்துச்சு? 1970கள் கடைசில ஐபிஎம் இந்தியாவ விட்டே போயிடுச்சு. எச்சிஎல் மாதிரி உள்ளூர் கம்பெனிங்க இருந்தாலும், இறக்குமதி வரியில வீட்டுக்குக் கம்ப்யூட்டர்ங்கறது கனவுதான். 1984 நவம்பர்ல ராஜீவ் காந்தி அரசோட கம்ப்யூட்டர் கொள்கை கதவ கொஞ்சம் திறந்துச்சு. முழுசா திறந்தது 1997. உலக வர்த்தக அமைப்போட தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்துல இந்தியா சேர்ந்து, 2005க்குள்ள கம்ப்யூட்டர் பொருட்களுக்கான சுங்க வரிய பூஜ்யமாக்குச்சு. உள்ளூர் ஹார்டுவேர் தயாரிப்பு இதுல அடிபட்டுச்சுன்னு ஒரு விமர்சனம் உண்டு. நியாயமான விமர்சனம்தான். அந்த அனுபவத்தாலதான் 2015ல அந்த ஒப்பந்தத்த விரிவாக்கினப்ப இந்தியா சேரல.

ஆனா அந்த பூஜ்யம் இல்லன்னா இன்னைக்கு இருக்கற ரிச்சி ஸ்ட்ரீட் இல்ல. மவுண்ட் ரோட்டுக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவுல, நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெருவெல்லாம் சேர்ந்த அந்த ஏரியா, ரேடியோ ஸ்பேர் பார்ட்ஸ் வித்த இடம். ரேடியோ போய் டேப் ரெக்கார்டர், அது போய் கம்ப்யூட்டர். ரிப்பேர் தெரிஞ்ச கைகள் ஏற்கனவே அங்க இருந்ததாலதான் 'அசெம்பிள்டு சிஸ்டம்'ங்கற வார்த்தை தமிழ்நாட்டுல இவ்வளவு சாதாரணமாச்சுன்னு நான் நினைக்கிறேன்.

இதுல ஒரு வேடிக்கை. காஞ்சிபுரம் மாவட்டத்துலயே, ஸ்ரீபெரும்புதூர்ல, 2007லேர்ந்து டெல் ஃபேக்டரி இருக்கு. இருந்தும் உத்திரமேரூர் பையன் பார்ட் வாங்க செங்கல்பட்டு வந்து, ட்ரெயின் பிடிச்சு சென்னைக்குத்தான் போகணும். ஒரு பார்ட் ரிப்பேர்னாலும் அதே பயணம், ஒரு நாள் போச்சு. சிட்டில இருக்கறவங்க சொல்ற பட்ஜெட் கணக்குல இந்த பஸ் காசும், அந்த ஒரு நாளும் வராது.

2011ல ஆரம்பிச்ச இலவச லேப்டாப் திட்டத்துல வந்த ஒரு லேப்டாப்பும் அக்கா வீட்டுல இருக்கு, பெரியவனுக்குக் கொடுத்தது. அந்தத் திட்டத்த நான் குறைச்சு சொல்லவே மாட்டேன். எத்தனையோ வீட்டுல முதல் கம்ப்யூட்டர் அதுதான். ஆனா அதுல கிராஃபிக்ஸ் கார்டு போட இடமில்ல. வாங்கின அன்னைக்கு என்னவோ, கடைசி வரைக்கும் அதான்.

இப்ப பையனோட லிஸ்ட்டுக்கு வருவோம். பெரிய கிராஃபிக்ஸ் கார்டு, 32 ஜிபி ரேம், கலர் கலரா லைட் எரியற கேபினெட். எஸ்எம்பிஎஸ் எடத்துல 'எதுனா ஒண்ணு'ன்னு எழுதியிருந்தான். நான் முதல்ல மாத்தினது அந்த 'எதுனா ஒண்ண'தான். 2012ல தமிழ்நாட்டு வெளியூர்கள்ல ஒரு நாளைக்கு பத்து மணி நேரத்துக்கு மேல கரண்ட் போனது ஞாபகமிருக்கா? இப்ப அப்படி இல்ல. ஆனா சாயங்காலம் வோல்டேஜ் ஏறி இறங்கறது அக்கா வீட்டுல இன்னும் இருக்கு. சீப் எஸ்எம்பிஎஸ் போனா தனியா போகாது, போர்டையும் கூட்டிட்டுப் போகும். அதனால நல்ல கம்பெனி எஸ்எம்பிஎஸ், கூடவே ஒரு யுபிஎஸ். கேபினெட் லைட் கட். "மாமா, அது இல்லாம எப்படி கேமிங் பிசி?"ன்னான். லைட்டால எஃப்பிஎஸ் ஏறாதுடா மாப்ள.

கம்மி காசுல கேமிங்கறதுக்கும் ஒரு புராணம் உண்டு. 1998ல இன்டெல் விட்ட செலரான் 300ஏ. விலை குறைஞ்ச சிப். பஸ் ஸ்பீட 66லேர்ந்து 100க்கு மாத்தினா, 300 மெகாஹெர்ட்ஸ் சிப் 450ல ஓடும். அந்தக் காலத்து கேமர்ஸ் இன்னும் அதப் பத்திப் பேசுவாங்க. நம்ம தலைமுறைல அந்த இடம் ஏஎம்டியோட ஏஎம்4 சாக்கெட்டுக்கு. 2017ல வந்த ரைசன் போர்டுகள் பலதுல, பயாஸ் அப்டேட் பண்ணிட்டு 2022ல வந்த சிப்ப போட முடிஞ்சுது. அதே காலத்துல இன்டெல் ரெண்டு மூணு தடவை சாக்கெட்ட மாத்திடுச்சு.

கிராஃபிக்ஸ் கார்டு கதை வேற. 2021ல கிரிப்டோ மைனிங்காரங்க எல்லா கார்டையும் அள்ளினதுல விலை எகிறுச்சு. 2022 செப்டம்பர் 15ல எத்தீரியம் மைனிங்க விட்டுது, ராப்பகலா ஓடித் தேஞ்ச கார்டெல்லாம் செகண்ட் ஹேண்டுக்கு வந்துச்சு. ஆசையாத்தான் இருக்கும். ஆனா வாரண்டி இல்லாத கார்டு நின்னு போனா, சென்னைக்குப் போய் யாரக் கேக்கறது?

இப்போ அடி ரேம் பக்கம். உலகத்துல மெமரி சிப் செய்யறதுல சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான், இந்த மூணு பேர்தான் பெரும்பங்கு. ஏஐ டேட்டா சென்டர்களுக்கே சிப் போயிட்டிருக்கறதால 2025 கடைசில ரேம் விலை தாறுமாறா ஏறிடுச்சு. 2025 டிசம்பர் 3ல மைக்ரான், வீட்டு கஸ்டமர்களுக்கு விக்கற க்ரூசியல் பிராண்டையே நிறுத்தறதா அறிவிச்சுது. யாரோ எங்கயோ சாட்பாட்கிட்ட பேசறதுக்கு எங்க அக்கா சீட்டுக் காசுலேர்ந்து ஒரு பங்கு போகுது. நானும் அந்த சாட்பாட்கிட்ட தினமும் பேசறவன்தான், அது வேற விஷயம்.

கடைசில முடிவானது இது: ஏஎம்4 போர்டு, ரைசன் 5 5600ஜி, 16 ஜிபி டிடிஆர்4, ஒரு எஸ்எஸ்டி, அந்த எஸ்எம்பிஎஸ், யுபிஎஸ். மானிட்டர் என்னோட பழசு. ரேம ரெண்டு 8ஆ பிரிச்சு வாங்கச் சொன்னேன். 5600ஜில கிராஃபிக்ஸ் சிப்புக்குள்ளயே இருக்கு, அது மெயின் ரேமத்தான் கடன் வாங்கும். ரெண்டு ஸ்டிக் இருந்தா ரெண்டு வழியா டேட்டா வரும், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். சாதா 5600ஓட பார்த்தா இதுல கேஷ் பாதிதான், பின்னாடி கார்டு போட்டா கொஞ்சம் இடிக்கும். புது ஏஎம்5 போகலாமான்னும் யோசிச்சோம். அதுக்கு டிடிஆர்5 தவிர வேற ரேம் செல்லாது, இன்னைக்கு விலைல அது நம்ம பக்கமே வராது.

வலோரண்ட் நல்லா ஓடும், ஜிடிஏ 5 செட்டிங்க குறைச்சு வச்சா ஓடும். கிராஃபிக்ஸ் கார்டு ஸ்லாட் காலியா இருக்கும். அடுத்த வருஷம் பிளஸ் டூ முடிஞ்சதும் பார்த்துக்கலாம்னு அக்காவும் அவனும் பேசி வச்சிருக்காங்க.