சாலைக் கடைத்தெரு கண்ட உலகச் சுவைகள்

உலகத்து மக்களின் உணவு வகைகளை அறிந்துகொள்ளக் கப்பலேற வேண்டும், கடல் கடக்க வேண்டும் என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். வாய்த்தவர் சென்று வரட்டும். வாய்க்காதவர்க்குத் திருவனந்தபுரத்தில் ஒரு தெரு இருக்கிறது. கிழக்கேகோட்டைக்கு எதிரே தொடங்கிக் கிள்ளிப்பாலத்தை நோக்கி நீளும் அத்தெருவிற்குச் சாலை என்று பெயர். மலையாளத்தார் அதனைச் சாலைக் கம்போளம் என்பர். கம்போளம் என்றால் கடைத்தெரு. அங்கே ஒரு தமிழர் தமிழிலேயே விலை கேட்கலாம், தமிழிலேயே பேரம் பேசலாம், தமிழிலேயே ஏமாறவும் செய்யலாம்! தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நேயர்களுக்குக் கரோல்பாகும், மாதுங்காவும், லேக் மார்க்கெட்டும் எத்தகைய ஆறுதலோ, அத்தகைய ஆறுதலை இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக அளித்துவரும் தெரு இது.

சாலை என்ற சொல்லுக்கு இன்று பெருவழி என்பதே வழக்கமான பொருள். முற்காலத்தில் அறச்சாலை, உண்டிச்சாலை, கல்விச்சாலை எனப் பொருள் விரிந்திருந்தது. கடைத்தெருவை அடுத்த வலியசாலையில் காந்தளூர் என்னும் பெயரைத் தாங்கிய சிவன் கோயில் இன்றும் இருக்கிறது. முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தி குறிப்பிடும் காந்தளூர்ச் சாலை இவ்விடத்தில் இருந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866-ஆம் ஆண்டளவில் பார்த்திவசேகரபுரத்தில் ஒரு சாலையை நிறுவி 95 மாணாக்கர்க்கு இடமளித்தபோது, காந்தளூர் முறையையே முன்மாதிரியாகக் கொண்டான் என்று செப்பேடு தெரிவிக்கிறது. காந்தளூரில் இராசராசன் செய்தது யாது என்பது பற்றிப் புலவர்கள் தலைமுறை தலைமுறையாகப் போரிட்டு வருகின்றனர். அப்போருக்குள் நாம் நுழையப் போவதில்லை. மாணாக்கருக்கு உண்டியும் உறையுளும் தந்த இடத்தின் பெயர், பின்னர் ஒரு நகரத்துக்கே உணவுப் பொருள் வழங்கும் தெருவின் பெயராக நிலைத்தது பொருத்தமே என்பதை மட்டும் சொல்லி அப்பாற் செல்வோம்.

இன்று நாம் காணும் கடைத்தெருவை அமைத்தவர் திருவிதாங்கூர்த் திவான் இராஜா கேசவதாசர். கார்த்திகைத் திருநாள் மகாராஜாவின் காலத்தில், 1789 முதல் அவர் திவானாக இருந்தார். சிறுவயதில் ஒரு மரைக்காயரின் கடையில் கணக்கெழுதியவர் என்று செவிவழிக் கதை ஒன்று உண்டு. ஆலப்புழைத் துறைமுகத்தை எழுப்பிய அதே மனிதர், தலைநகருக்கு ஒரு வாணிகத் தெரு வேண்டுமென்று சாலையைத் திட்டமிட்டார். கிள்ளியாற்றுக்கும் கரமனையாற்றுக்கும் பாலங்கள் அமைந்தன. கோட்டாற்றிலிருந்தும் நாஞ்சில் நாட்டிலிருந்தும் வந்த வண்டிகள் நேரே கடைவாயிலில் நின்றன. தமிழ் வணிகர்கள் குடியேறினர். 1795-இல் பத்மநாபபுரத்திலிருந்து தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறியபோது, ஊருக்கு வேண்டிய அரிசியும் பருப்பும் கிடைக்க ஒரு கடைத்தெரு ஆயத்தமாயிற்று.

அக்கடைகளில் விற்ற பொருள்களின் பெயர்களைச் சற்று உற்று நோக்குவோம். அரசு ஆவணங்களை மொழிபெயர்த்துக் காலந்தள்ளும் நமக்கு, ஒரு பொருளைக் காணுமுன் அதன் பெயரைக் காணும் பழக்கம் படிந்துவிட்டது. மலையாளத்தில் மிளகாய்க்குக் கப்பல் முளகு என்று ஒரு பெயர் உண்டு. வேர்க்கடலைக்குத் தென் திருவிதாங்கூரில் கப்பலண்டி என்று பெயர். பப்பாளியைக் கப்பளங்ஙா என்பாரும் உளர். முந்திரி மரம் பறங்கிமாவு. கப்பலில் வந்தது, பறங்கியர் கொணர்ந்தது என்று ஒவ்வொரு பெயரும் தன் பிறப்பைத் தானே கூறிக்கொண்டு நிற்கிறது. நாமும் இதற்குப் பின்தங்கியவர்கள் அல்லர். பறங்கிக்காய் என்கிறோம், மணிலாக்கொட்டை என்கிறோம். மிளகாய் என்ற சொல்லில் மட்டும் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. மிளகைப் போன்ற காய் என்று பெயரிட்டு, அமெரிக்கக் கண்டத்துப் பயிர் ஒன்றை நம் வீட்டுப் பிள்ளையாக்கிவிட்டோம். வாஸ்கோ ட காமா 1498-இல் கோழிக்கோட்டுக் கரையில் இறங்குமுன் நம் பாட்டன்மார் உண்ட குழம்பில் காரத்துக்கு மிளகே இருந்தது, மிளகாய் இல்லை. அந்த மிளகுக்காகத்தானே கப்பல்கள் வந்தன! டச்சுக்காரரைக் குளச்சலில் 1741-இல் மார்த்தாண்டவர்மர் வென்ற போரின் பின்னணியிலும் மிளகு வாணிகமே இருந்தது.

கிழக்கிலிருந்தும் சரக்கு வந்தது. மலையாள வீடுகளில் ஊறுகாய் வைக்கும் சாடிக்குச் சீனபரணி என்றும், வறுக்கும் இரும்புச் சட்டிக்குச் சீனச்சட்டி என்றும் பெயர். கொல்லத்துக்கும் கொச்சிக்கும் வந்த சீனக் கப்பல்கள் போய்ப் பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. பெயர் அடுப்பங்கரையை விட்டு அகலவில்லை. நாம் அதனைப் பீங்கான் சாடி என்கிறோம். பீங்கான் பாரசீகச் சொல். சீனத்துப் பாண்டத்தைப் பாரசீகப் பெயரால் அழைத்து, அதில் அமெரிக்க மிளகாயை ஊறவைத்து, இது எங்கள் பாட்டியின் கைப்பக்குவம் என்று பெருமை கொள்கிறோம். அப்பெருமையிலும் பிழையில்லை; பக்குவம் பாட்டியுடையதே.

பெருங்காயத்தின் கதை இன்னும் வியப்பானது. பெருங்காயம் மணக்காத சாம்பாரைச் சாம்பார் என்று நம்மவர் ஒப்புவதில்லை. ஆயினும் அதன் செடி நம் நாட்டில் பயிராகவில்லை. ஆப்கானிஸ்தானத்திலும் ஈரானிலும் வறண்ட மலைச்சரிவுகளில் வளரும் ஒரு செடியின் வேரைக் கீறி, வடியும் பாலை உலர்த்தி எடுப்பதே பெருங்காயம். கோந்தும் மாவும் கூட்டிக் கட்டியாக்கிய பின்னரே கடைக்கு வருகிறது. இமயமலையின் லாகுல் பள்ளத்தாக்கில் 2020-ஆம் ஆண்டு அக்டோபரில்தான் இந்திய அறிவியலார் அச்செடியை முதன்முதலாக நட்டனர். அதுகாறும் நாம் நம்முடையது என்று மார்தட்டிய குழம்பின் மணம் முழுதும் அயல்நாட்டு மண்ணின் மணமே.

இது நிற்க. சாலையின் உணவு வரலாற்றில் பெரும் பகுதியைக் கேட்டுக்கொள்ளும் பொருள் ஒன்று உண்டு. அது மரச்சீனிக் கிழங்கு. சேலத்தார் மரவள்ளி என்பர். வட திருவிதாங்கூரில் கப்பை. பிரேசில் நாட்டுப் பயிராகிய இதனைப் போர்த்துக்கேசியர் மேற்குக் கரைக்குக் கொணர்ந்தனர். நெடுங்காலம் அது தோட்டத்து மூலையில் ஒதுங்கிக் கிடந்தது. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா தாவரங்களில் மிகுந்த ஈடுபாடு கொண்டவர். ஏழைகளின் பசிக்கு இக்கிழங்கு மருந்தாகும் என்று கண்டு அதன் சாகுபடியைப் பரப்பினார். நஞ்சு என்று மக்கள் அஞ்சியதால், அரண்மனையிலேயே சமைக்கச் செய்து தாமே உண்டு காட்டினார் என்று ஒரு கதை வழங்குகிறது.

மக்களின் அச்சம் முற்றும் மூடநம்பிக்கையும் அன்று. அக்கிழங்கில் சயனைடு என்னும் நஞ்சை வெளிவிடும் பொருள் உண்மையாகவே இருக்கிறது. கசப்பு வகையில் மிகுதி. இனிப்பு வகையில் குறைவு. ஆதலால் மேல்தோலையும் அதன் கீழுள்ள தடித்த தோலையும் உரித்து, துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, அந்நீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும். உப்பும் தேங்காயும் பிறகு. அயலூர்களில் இக்கிழங்கைப் புதிதாக வாங்கிச் சமைக்கும் நம் பெண்மணிகள் இதை நினைவில் வைப்பது நலம். ஆடவர்களும் அடுப்படிக்குச் செல்லும் காலம் இது, அவர்களும் வைக்கட்டும். அயல்நாட்டு உணவைத் துணிந்து உண்பது பெரிதன்று. அதனை உண்ணும் முறையையும் உடன் கற்றுக்கொள்ள வேண்டும்.

மகாராஜாவின் தொலைநோக்கு 1942-இல் விளங்கிற்று. திருவிதாங்கூர் தனக்கு வேண்டிய அரிசியில் பாதியளவைக்கூட விளைவிக்கவில்லை, பர்மாவையே நம்பியிருந்தது. அவ்வாண்டு இரங்கூன் ஜப்பானியர் வசமாகவே அரிசிக் கப்பல்கள் நின்றன. சேர்த்தலைப் பகுதியில் பட்டினியும் நோயும் பல உயிர்களைக் கொண்டுபோயின. அரிசிக் கடைகளில் அரிசி இல்லாத அந்நாள்களில், பல குடும்பங்களுக்குக் காலையும் மாலையும் கிழங்கே உணவாயிற்று. சுவைக்காக ஒருவரும் அதைத் தேடவில்லை. இன்று மீன் குழம்போடு கப்பை விருந்தாகப் பரிமாறப்படும் மேசைகளில், அப்பட்டினியை நினைப்பவர் மிகச் சிலரே. 1963-இல் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் திருவனந்தபுரத்தை அடுத்த ஸ்ரீகாரியத்தில் அமைந்தது தற்செயல் அன்று என்பதே நம் எண்ணம்.

பிறருடைய உணவை உண்பதற்குத் துணிவு வேண்டும் என்று சொன்னோம். இம்மண்ணில் அத்துணிவு வேறொரு வகையில் தேவைப்பட்டது. திருவிதாங்கூரின் ஊட்டுப்புரைகளில் பிராமணர்க்கு இலவச உணவு நடந்தது. அதே அரசில், வேறு பல சாதியார் கோயில் தெருவில் நடப்பதற்கும் தடை இருந்தது. எதை உண்பது என்பதைவிட, யாரோடு உண்பது என்பதே கடினமான வினாவாயிற்று. அய்யா வைகுண்டர் சாமித்தோப்பில் எல்லாரையும் ஒரே பந்தியில் அமர்த்தினார். அரசு அவரைத் திருவனந்தபுரத்துச் சிங்காரத்தோப்பில் சிறைவைத்தது. சாலைக்கு அருகே தைக்காட்டில், ரெசிடென்சியின் மேற்பார்வையாளராக இருந்த தைக்காடு அய்யாவு சுவாமிகள் என்னும் தமிழர், தைப்பூச நாளில் சாதி பாராமல் பந்தி நடத்தினார். அவர் மறைந்தது 1909-இல். 1917-இல் செறாயி என்ற ஊரில் சகோதரன் ஐயப்பன் நடத்திய மிசிரபோஜனத்தில் பரிமாறியது சோறும், பலாக்கொட்டையும் கடலையும் சேர்ந்த பொரியலும் என்பர். அதில் புதுச்சுவை ஒன்றுமில்லை. எனினும் அதை உண்டவர்கள் ஊர்விலக்குக்கு ஆளாயினர். உலகின் எம்மூலை உணவையும் கூசாமல் உண்ணும் நமக்கு, பக்கத்து இலையில் இருப்பவர் யார் என்ற கூச்சம் முழுதும் போய்விட்டதா என்று கேட்டுக்கொள்வது தவறாகாது.

இனி, இனிப்பான செய்தி. திருவனந்தபுரத்து விருந்தில் பாயசத்தோடு போளி வரும். மஞ்சள் நிறம், இலைபோல மென்மை, உள்ளே கடலைப்பருப்புப் பூரணம். அதனை இலையில் பிய்த்துப் போட்டு, மேலே பால் பாயசத்தை ஊற்றிப் பிசைந்து உண்பர். மராட்டியரின் பூரண் போளியும் கன்னடத்தாரின் ஓளிகையும் இதற்கு உறவு. மராட்டியத்தில் நெய்யோடு உண்ணப்பட்ட பண்டம், தமிழர் அடுப்பேறி, கரமனை, வலியசாலை அக்கிரகாரங்கள் வழியாக மலையாளத்தார் இலைக்கு வந்து பாயசத்தில் குளித்தது. கேரளத்தின் வட பகுதியார் இச்சேர்க்கையைக் கண்டு இன்றும் வியப்பர். மும்பையில் வாழும் நேயர் ஒருவர் தம் அண்டை வீட்டாரிடம் பூரண் போளி வாங்கிப் பால் பாயசத்தில் இட்டு உண்பாராயின், அண்டை வீட்டார் முகம் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறோம்! ஆயினும் முயன்று பார்க்கலாம்.

1956 நவம்பர் 1-ஆம் நாள் எல்லைகள் மாறின. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நேற்று வரை ஒரே நாட்டிலிருந்து வந்த நாஞ்சில் அரிசி, மறுநாள் வேற்று மாநிலத்துச் சரக்காயிற்று. ஆயினும் வண்டிகள் நிற்கவில்லை. தோவாளைப் பூவும், நெல்லைச் சீமைக் காய்கறிகளும், வாழைத்தார்களும் இன்றும் சாலைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஓணத்துப் பூக்களத்துக்குத் தமிழ்நாட்டுப் பூ இல்லாமல் முடியாது.

அத்தெருவின் சுமைதூக்குவோரையும், சில்லறை வியாபாரிகளையும், திருடரையும், பித்தரையும் தமிழிலக்கியத்தில் நிலைநிறுத்தியவர் ஆ. மாதவன். சாலையிலேயே கடை வைத்து, கல்லாவில் அமர்ந்தபடி மனிதரைக் கண்டு எழுதியவர். அவருடைய கடைத்தெருக் கதைகளைப் படித்தவர், பொருள்கள் எங்கிருந்து வந்தன என்பதோடு, அவற்றை முதுகில் சுமந்தவர் மாலையில் என்ன உண்டார் என்பதையும் அறிவர். 2015-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற அவர் 2021-இல் மறைந்தார். வரலாற்று நூல்கள் திவானைக் குறிக்கும். சுமைகாரனைக் குறிக்க ஒரு கடைக்காரர் வேண்டியிருந்தது.

வளைகுடா நாடுகளுக்குச் சென்றவர்கள் கொணர்ந்த புதுச்சுவைகளும் நகரில் பெருகியுள்ளன. ஏமன் நாட்டு ஹத்ரமௌத் பகுதியின் மந்திச்சோறு இன்று குழிமந்தி என்று மலையாளமாகிவிட்டது. கேத்தல் என்று ஊரார் வழங்கும் தேநீர்க் கெண்டியோடு தொடங்கியதால் அப்பெயரையே பெற்ற கோழி வறுவல் கடையும் சாலையில் புகழோடு நடக்கிறது.

திருவனந்தபுரம் மத்திய இரயில் நிலையத்தில் வண்டி மாற நேரும் அன்பர்களுக்கு ஒரு செய்தி. நிலையத்திலிருந்து சாலை நடை தூரத்தில் இருக்கிறது. காலை நேரத்தில் சென்றால் சரக்கிறங்குவதைக் காணலாம். பச்சை மரச்சீனியை வாங்கி நெடுந்தொலைவு எடுத்துச் செல்வதில் பயனில்லை. தோண்டிய இரண்டு மூன்று நாள்களில் உள்ளே கருத்துவிடும். அரைவேக்காட்டில் வெயிலில் உலர்த்திய வாட்டுக்கப்பை கேட்டு வாங்குக. தில்லி வரை கெடாது. இரவு முழுதும் ஊறவைத்து, காலையில் அந்நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீரில் வேகவைத்தால் பழைய பக்குவம் வந்துவிடும்.